முடியும் முன்பே பேச வேண்டும்

2010 மார்ச் மாதம் ரவீந்திர ஜடேஜாவுக்கு ஐபிஎல் நிர்வாகம் ஓராண்டுத் தடை விதித்தது. அப்போது அவருக்கு வயது 21. ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்கு முதல் இரண்டு பருவங்கள் ஆடியவர். 2008இல் முதல் கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். சூதாட்டமோ ஊக்கமருந்தோ அவர்மீது சொல்லப்பட்ட குற்றமல்ல. ராஜஸ்தானுடனான ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடாமல், கூடுதல் தொகைக்காக வேறோர் அணியுடன் பேசினார் என்பதே குற்றம். அந்தப் பருவம் முழுவதையும் அவர் இழந்தார்.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2025 நவம்பர் 15 அன்று அதே ஜடேஜா அதே ராஜஸ்தானுக்குப் போனார். சென்னை சூப்பர் கிங்ஸ் அவரையும் சாம் கரனையும் கொடுத்துவிட்டு சஞ்சு சாம்சனை எடுத்துக்கொண்டது. சாம்சன் 18 கோடி ரூபாய்க்கு வந்தார். ஜடேஜாவின் தொகை 18 கோடியிலிருந்து 14 கோடியாகக் குறைந்தது. 2024 பெரும் ஏலத்தில் தொடங்கிய சுற்று 2027 வரை ஓடக்கூடியது. அது பாதியைத் தாண்டும் முன்பே மூன்று பேரும் இடம் மாறிவிட்டார்கள். சாம்சன் அணியை விட்டு விலக விரும்புகிறார் என்று மாதக்கணக்கில் செய்திகள் வந்துகொண்டிருந்தன. யாருக்கும் தடை இல்லை. வாழ்த்துப் படங்களோடு அறிவிப்பு வந்தது. 2010இல் குற்றமாக இருந்தது இன்று வணிகமாகிவிட்டது. நம் மனத்தில்தான் அது இன்னும் குற்றமாக இருக்கிறது.

கும்மிடிப்பூண்டிக்கும் சென்ட்ரலுக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் பேச்சைக் கேட்டால் இது தெரியும். நட்சத்திர வீரர் ஒருவர் ஒப்பந்தம் முடியும் முன்பே புதிய ஒப்பந்தம் கேட்கிறார், தராவிட்டால் விடுவிக்கச் சொல்கிறார் என்ற செய்தி கைப்பேசியில் வந்ததும், “இன்னும் எவ்வளவுதான் வேணுமாம் இவங்களுக்கு?” என்று ஒரு குரல் எழும். கோடிகளைக் கேட்டுச் சலித்த காதுக்கு அது இயல்பான கேள்விதான். ஆனால் அப்படிக் கேட்பவரின் சட்டைப்பையில் ஒரு கேட் பாஸ் இருக்கும். அதில் ‘வேலிடிட்டி’ என்று ஒரு தேதி அச்சாகியிருக்கும். அந்தத் தேதிக்குப் பிறகு அவர் அந்த ஆலைக்குள் நுழைவாரா என்பதை இன்றுவரை யாரும் அவரிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்த விளையாட்டுச் செய்தியைத் திருவள்ளூர் மாவட்டத்தின் செய்தியாக நான் படிக்கிறேன். கேட்கிற தொகையைப் பற்றியே பேசி, கேட்கிற நேரத்தைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஒப்பந்தத்தில் உழைத்துப் பிழைக்கிற ஒருவருக்கு, எவ்வளவு என்பதற்கு நிகராக முக்கியமானது, அடுத்து என்ன என்பது எப்போது தெரியவரும் என்பது. முடியும் தேதிக்கு முன்பே உட்கார்ந்து பேசுவதைப் பேராசை என்று சொல்வது தவறு. அது ஓர் உரிமையாக இருக்க வேண்டும். இன்று அது சிலருடைய அபூர்வத் திறமைக்குக் கிடைக்கும் சலுகையாக மட்டுமே இருக்கிறது.

நட்சத்திரங்கள் ஏன் அவசரப்படுகிறார்கள்? பவன் செராவத்தின் கணக்கைப் பார்த்தால் போதும். புரோ கபடி லீக்கில் 2022 ஏலத்தில் தமிழ் தலைவாஸ் அவரை 2.26 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அதுவரை அந்தப் போட்டியில் யாருக்கும் கிடைக்காத தொகை. அந்தப் பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு விழுந்தார், பருவம் முடிந்தது. 2023இல் தெலுங்கு டைட்டன்ஸ் அவரை 2.605 கோடிக்கு எடுத்தது. 2024இல் அது 1.725 கோடி. 2025இல் தமிழ் தலைவாஸே மீண்டும் எடுத்தபோது 59.5 லட்சம். இரண்டு ஏலங்களுக்குள் மதிப்பு நான்கில் ஒரு பங்குக்கும் கீழே போய்விட்டது. அந்தப் பருவத்தின் நடுவிலேயே, செப்டம்பரில், ஒழுங்கு நடவடிக்கை என்று சொல்லி அணி அவரை நீக்கியது. குற்றச்சாட்டை அவர் மறுத்தார். யார் சொன்னது சரி என்பதற்குள் நான் போகவில்லை. ரெய்டுக்குப் போகிற ஒருவரின் பிழைப்பு முழுக்க முழங்காலில் இருக்கிறது. அந்த முழங்கால் நன்றாக இருக்கும்போதே அடுத்த மூன்று ஆண்டுகளைப் பற்றிப் பேசிவிட நினைப்பதை எப்படிக் குறை சொல்ல முடியும்?

கிரிக்கெட் வீரர் நடராஜனின் கதை இன்னும் நெருக்கமானது. சேலம் சின்னப்பம்பட்டியிலிருந்து வந்தவரை 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடிக்கு எடுத்தது. அந்த ஆண்டு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. அடுத்த ஏலத்தில் ஹைதராபாத் அவரை எடுத்தது 40 லட்சத்துக்கு. 2020இல் அதே 40 லட்சத்துக்குத்தான் யார்க்கருக்கு மேல் யார்க்கராக வீசினார். அங்கிருந்து ஆஸ்திரேலியா சென்று, ஒரே பயணத்தில் ஒருநாள், டி20, டெஸ்ட் மூன்றிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார். பிரிஸ்பேனில் வரலாற்று வெற்றி பெற்ற அணியில் அவரும் ஒருவர். திரும்பி வந்து 2021 ஐபிஎல் பருவத்துக்குப் போனபோதும் அணி தக்கவைத்த பழைய விலை அப்படியே இருந்தது. உலகமே அவர் பெயரைச் சொன்ன அந்தச் சில மாதங்களில் தன் விலையைப் பற்றிப் பேச அவருக்கு எந்த வழியும் இல்லை. அந்த ஏப்ரலிலேயே முழங்கால் அறுவை சிகிச்சை. 2022இல் 4 கோடி, 2024 இறுதியில் 10.75 கோடி என்று பின்னாளில் ஏறியது உண்மை. ஆனால் நடுவில் அந்த முழங்கால் ஒத்துழைக்காமல் போயிருந்தால்? நாட்டுக்காக மூன்று வடிவங்களிலும் ஆடியவர் 40 லட்சத்தோடு ஊர் திரும்பியிருப்பார். ஒப்பந்தம் அப்படி எழுதப்பட்டிருந்தது.

இந்த ஒப்பந்தங்கள் எந்தப் பக்கம் சாய்ந்தவை என்பதையும் சொல்ல வேண்டும். ஐபிஎல்லில் ஆண்டுதோறும் ஒரு தேதி வரும். அதற்குள் அணி யாரை வேண்டுமானாலும் விடுவிக்கலாம். விடுவிக்கும் அணிக்கு அபராதம் இல்லை. ஏலத்தில் எடுக்கப்பட்ட வெளிநாட்டு வீரர், காயம் போன்ற காரணம் இல்லாமல் விலகினால் இரண்டு ஆண்டுத் தடை. டெல்லி அணி 6.25 கோடிக்கு எடுத்த இங்கிலாந்தின் ஹாரி புரூக் 2025 மார்ச்சில் இப்படித்தான் தடைபட்டார். சென்னை அணி 13 கோடி கொடுத்து வைத்திருந்த பதிரனாவை 2025 நவம்பரில் விடுவித்தது. டிசம்பர் ஏலத்தில் கொல்கத்தா 18 கோடிக்கு எடுத்தது. அவருக்கு அது நன்மையாக முடிந்தது. அதே நாளில் விடுவிக்கப்பட்டு, ஏலத்தில் யாரும் கை உயர்த்தாமல் போனவர்களின் பெயர்கள் நம் நினைவில் இல்லை.

அவர்களுக்காகப் பேச ஒரு சங்கமும் இல்லை. உலகக் கிரிக்கெட் வீரர்கள் சங்கத்தில் இந்திய வீரர்களின் அமைப்பு எதுவும் உறுப்பாக இல்லை. 2019இல் தொடங்கிய இந்தியக் கிரிக்கெட் வீரர்கள் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கானது. ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு முகவர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, சங்கம் கிடையாது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பல ஆலைகளின் வாசலில் பறக்கிற சங்கக் கொடியின் பொருளை, கோடிகளில் புரளும் கிரிக்கெட் வீரர் இன்னும் அறியவில்லை. உச்சியில் இருக்கும் சிலருக்குச் சங்கம் தேவைப்படாது. அவர்களுடைய ஒரு தொலைபேசி அழைப்புக்கு அணி முதலாளி ஓடிவருவார். அந்த வரிசைக்குக் கீழே இருக்கும் நூற்றுக்கணக்கானவர்களுக்குத்தான் தேவை.

ஏன், அந்த உச்சியில் இருப்பவர்களுக்கும் தேதி தவறுகிறது. 2024 அக்டோபர் 1 முதல் 2025 செப்டம்பர் 30 வரையிலான ஆண்டு ஒப்பந்தப் பட்டியலை இந்தியக் கிரிக்கெட் வாரியம் வெளியிட்டது 2025 ஏப்ரல் 21 அன்று. ஆண்டில் பாதிக்கு மேல் போன பிறகு, அந்த ஆண்டுக்கு யார் எந்தப் பிரிவில் இருக்கிறார்கள் என்ற அறிவிப்பு! அதற்கு முந்தைய ஆண்டில், 2023 அக்டோபரில் தொடங்கிய காலத்துக்கான பட்டியல் 2024 பிப்ரவரி 28இல் வந்தது; ஸ்ரேயாஸ் ஐயர், இஷான் கிஷன் பெயர்கள் அதில் இல்லை. உலகிலேயே பணக்காரக் கிரிக்கெட் வாரியம், தன் வீரருக்கு ‘உனக்கு இந்த ஆண்டு ஒப்பந்தம் இல்லை’ என்பதைச் சொல்ல அந்த ஆண்டிலேயே ஐந்து மாதம் எடுத்துக்கொண்டது.

இதைக் கேட்கும் நம் வட்டாரத் தொழிற்சங்கக்காரர் ஆச்சரியப்பட மாட்டார். சம்பள ஒப்பந்தம் முடிகிற தேதி தெரிந்ததுதான். அதற்கு முன்பே சங்கம் பொதுக்குழு கூட்டி, கோரிக்கைப் பட்டியல் தயாரித்து, நிர்வாகத்திடம் கொடுத்துவிடும். பிறகு காத்திருப்பு. ஒப்பந்தம் முடிந்த பிறகும் பழைய சம்பளமே ஓடும். 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறு சட்டம் வகுத்த முறைப்படி, காலம் முடிந்தாலும் ஒரு தரப்பு எழுத்து மூலம் அறிவித்து இரண்டு மாதம் ஆகும்வரை பழைய ஒப்பந்தமே இரு தரப்பையும் கட்டும். தொழிலாளிக்குப் பாதுகாப்பாக வைக்கப்பட்ட அந்த ஏற்பாடு, இழுத்தடிக்க விரும்புகிறவருக்கும் வசதியாகிவிட்டது.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையை எடுத்துக்கொள்வோம். நாட்டின் பெரிய கார் ஆலைகளில் ஒன்று. அங்கீகரிக்கப்பட்ட சங்கம் இருக்கிறது. பேச்சுவார்த்தைப் பழக்கம் இருக்கிறது. 2025 செப்டம்பரில் அங்கே கையெழுத்தான ஒப்பந்தத்தில் மாதம் 31,000 ரூபாய் உயர்வு, மூன்று ஆண்டுகளில் 55, 25, 20 சதவீதமாகப் பிரித்து. நல்ல ஒப்பந்தம். ஆனால் அதன் காலம் 2024 ஏப்ரல் 1 முதல் 2027 மார்ச் 31 வரை. முப்பத்தாறு மாதங்களில் பதினேழு மாதங்கள் போன பிறகே மை காய்ந்தது. இவ்வளவு வலுவான இடத்திலேயே இப்படி என்றால், கும்மிடிப்பூண்டியின் உருட்டாலைகளையும் காக்களூர் சிட்கோவின் சிறு பட்டறைகளையும் பற்றிச் சொல்லவே வேண்டாம். தாமதமானாலும் அரியர்ஸ் வந்துவிடுமே என்பார்கள். நிரந்தரத் தொழிலாளிக்கு வரும். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு அந்தப் பதினேழு மாதங்களில் வாங்கிய கடனின் வட்டியை எந்த அரியர்ஸும் ஈடுகட்டாது.

நிரந்தரமில்லாதவரின் நிலை வேறு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது: இருபத்து நான்கு மாதங்களில் 480 நாள் வேலை செய்தவரை நிரந்தரமாக்க வேண்டும். தொழிலாளர் போராட்டங்கள் பெற்றுத் தந்த நல்ல சட்டம் அது. அதனால்தான் இந்த 480 என்ற எண்ணைச் சுற்றியே ஒரு நிர்வாகக் கலை வளர்ந்திருக்கிறது. நாள் நெருங்கும்போது ‘பிரேக்’ கொடுப்பார்கள். அல்லது ஒப்பந்ததாரரின் பெயர் மாறும். அதே ஆள், அதே இயந்திரம், அதே ஷிப்ட், ஆனால் சேர்ந்த தேதி புதியது. அல்லது அவரை ட்ரெய்னி, அப்ரன்டிஸ் என்று அழைப்பார்கள். ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து ஆலையை ஒட்டிய அறைகளில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் அவர்கள் எந்த ஒப்பந்ததாரரின் ஆள் என்று கேளுங்கள். பலருக்கு மேஸ்திரியின் பெயர்தான் தெரியும்.

சட்டத்தில் ஓர் ஓட்டையும் இருக்கிறது. ஒரு தொழிலாளியை ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத முன்னறிவிப்பு வேண்டும், இழப்பீடு வேண்டும். ஆனால் தொழில் தகராறு சட்டத்தில் 1984இல் கொண்டுவந்த திருத்தம் என்ன சொன்னது? ஒப்பந்தக் காலம் முடிந்து, அதைப் புதுப்பிக்காததால் வேலை போனால் அது ஆட்குறைப்பே ஆகாது. முன்னறிவிப்பும் இழப்பீடும் அங்கே எழவில்லை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பும், குறித்த காலப் பணியில் காலம் முடிந்து வெளியேறுவதை ஆட்குறைப்புக்கு வெளியே வைத்திருக்கிறது. ஓராண்டு பணி செய்தாலே பணிக்கொடை என்ற நன்மையை அது சேர்த்திருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் அடுத்த மாதம் நீ வர வேண்டுமா வேண்டாமா என்பதை இத்தனை நாளுக்கு முன் சொல்லியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தவில்லை. 31ஆம் தேதி மாலை சொன்னாலும் சட்டப்படி சரி.

விளையாட்டில் இதே துயரம் 2025இல் நம் கண்முன் நடந்தது. அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் அதன் வணிகக் கூட்டாளிக்கும் இடையே 2010 டிசம்பரில் போடப்பட்ட முதன்மை உரிமை ஒப்பந்தம் பதினைந்து ஆண்டுகளுக்கானது. 2025 டிசம்பர் 8இல் அது முடியும் என்பது பதினைந்து ஆண்டுகளாகவே எல்லோருக்கும் தெரியும். உச்ச நீதிமன்றத்தில் கூட்டமைப்பின் சாசனம் பற்றிய வழக்கு நிலுவையில் இருந்ததால் புதிய பேச்சுவார்த்தை தடைபட்டது. ஜூலை 11 அன்று இந்தியன் சூப்பர் லீக்கை நிறுத்தி வைப்பதாக அறிவிப்பு வந்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்களின் சம்பளத்தை நிறுத்தியது. இரண்டு முறை கோப்பை வென்ற நம் சென்னையின் எஃப்சியும் செயல்பாடுகளை நிறுத்தி வைத்தது. நவம்பரில் உரிமைக்கான டெண்டருக்கு ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. பிப்ரவரி 14இல் சுருங்கிய வடிவில் போட்டி தொடங்கும் என்று 2026 ஜனவரியில் அமைச்சர் அறிவித்த பிறகுதான் வீரர்களுக்கு மூச்சு வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, பல வீரர்களின் சொந்த ஒப்பந்தம் முடியவே இல்லை. அணியுடன் இன்னும் இரண்டு ஆண்டு, மூன்று ஆண்டு பாக்கி இருந்தது. அவர்களுக்கு மேலே, அவர்கள் கையெழுத்துப் போடாத, அவர்களைக் கேட்காமல் எழுதப்பட்ட வேறோர் ஒப்பந்தம் முடியவிருந்தது. அதனாலேயே இவர்களில் பலரின் சம்பளம் நின்றது. கும்மிடிப்பூண்டியின் ஒப்பந்தத் தொழிலாளி இதை ஒரு வரியில் புரிந்துகொள்வார். அவருடைய வேலைக்கும் மேலே ஆலைக்கும் ஒப்பந்ததாரருக்கும் இடையிலான ஒப்பந்தம் இருக்கிறது. அதற்கு மேலே ஆலைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இடையில் இன்னொன்று. எது எப்போது முடிகிறது என்பது கீழே இருப்பவருக்குத் தெரியாது. திருவள்ளூரில் 1998இல் மிட்சுபிஷி லான்சர் கார்களைத் தயாரித்த ஆலையிலிருந்து இன்று சிட்ரன் கார்கள் வருகின்றன. வாசல் பலகை மாறுவதற்குள் யாருடைய எந்த ஒப்பந்தம் முடிந்தது, யார் உள்ளே நின்றார், யார் வெளியே போனார் என்பதை அந்த ஊர்க் குடும்பங்கள்தான் சொல்ல முடியும்.

முடியும் தேதிக்கு முன்பே பேசும் உரிமையைக் கால்பந்து உலகம் ஒருவரின் வாழ்க்கையை விலையாகக் கொடுத்துப் பெற்றது. ஜான்-மார்க் போஸ்மன் பெல்ஜியத்தின் லியேஜ் அணியில் ஆடிய, பெரும் புகழ் இல்லாத ஒரு நடுக்கள வீரர். 1990இல் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பித்தால் மாதச் சம்பளம் 1,20,000 பிராங்கிலிருந்து 30,000ஆகக் குறையும் என்றது அணி. அவர் மறுத்து பிரான்சின் டங்கர்க் அணிக்குப் போக விரும்பினார். ஒப்பந்தம் முடிந்த பிறகும், மாற்றுத் தொகை வந்தால்தான் விடுவோம் என்று லியேஜ் பிடித்து வைத்தது. ஆட்டமும் இல்லை, விடுதலையும் இல்லை. ஐந்து ஆண்டுகள் வழக்கு. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது: ஒப்பந்தம் முடிந்த வீரரை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இன்னொரு நாட்டு அணிக்குப் போகவிடாமல் தொகை கேட்டுத் தடுக்கக் கூடாது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை முடிந்துவிட்டது. வேலையில்லாமலும் மதுப்பழக்கத்தோடும் போராடியதை அவரே பின்னாளில் பேட்டிகளில் சொன்னார். இன்றைய உலகக் கால்பந்து விதியில் ஒரு பிரிவு இருக்கிறது: ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வீரர் வேறு அணியுடன் கையெழுத்திடலாம். ஜடேஜா 21 வயதில் எதற்காகத் தண்டிக்கப்பட்டாரோ, கால்பந்தில் அதற்கு எழுத்தில் ஒரு காலம் குறிக்கப்பட்டிருக்கிறது.

அந்த ஆறு மாதம் இரு பக்கமும் வேலை செய்கிறது. 2025 ஜூனில் ஒப்பந்தம் முடியவிருந்த முகமது சாலாவும் வெர்ஜில் வான் டைக்கும் ஏப்ரலில் லிவர்பூலுடனேயே நீட்டித்துக் கையெழுத்திட்டார்கள். அதே அணியின் ட்ரென்ட் அலெக்சாண்டர்-ஆர்னால்டு ரியல் மாட்ரிட்டுக்குப் போனார். சிறுவயதிலிருந்து ஆடிய சொந்த ஊர் மைதானத்திலேயே அவருக்கு எதிராகக் கூச்சல் எழுந்தது. ரசிகரின் வலி எனக்குப் புரிகிறது. ஆனால் விசுவாசம் என்பதை ஒரு பக்கம் மட்டுமே காட்ட வேண்டிய கடமையாக வைத்திருக்கிறோம். அணி ஒருவரைக் கழற்றிவிடும் நாளில் அணியைப் பார்த்து யாரும் கூச்சலிடுவதில்லை. ஆலை ஒப்பந்ததாரரை மாற்றும் நாளில் ஆலையின் விசுவாசத்தை யாரும் கேட்பதில்லை.

எதிர்த்தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஒப்பந்தம் என்பது கொடுத்த வாக்கு. நடுவில் ‘கூட்டிக் கொடு, இல்லாவிட்டால் ஆடமாட்டேன்’ என்றால் வாக்குக்கு என்ன மதிப்பு? அமெரிக்கக் கால்பந்தில் டல்லாஸ் கௌபாய்ஸ் அணியின் மைக்கா பார்சன்ஸ் 2025 ஆகஸ்டில் தன்னை வேறு அணிக்கு மாற்றக் கேட்டார். மாத இறுதியில் கிரீன் பே அணிக்குச் சென்று, நான்கு ஆண்டுகளுக்கு 188 மில்லியன் டாலர் ஒப்பந்தம் பெற்றார். அந்த நாட்களில் டல்லாஸ் அணியின் மற்ற வீரர்கள் என்ன நிச்சயத்தோடு பயிற்சி செய்திருப்பார்கள்? பேசும் உரிமையை நான் முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கிற ஒப்பந்தத்தின் நடுவில் வேலையை நிறுத்தி மிரட்டுவதை அதே அளவு ஆதரிக்க என்னால் முடியவில்லை. ஆனால் பேச ஒரு குறித்த காலமும் வழியும் இருந்தால் மிரட்டலுக்கான தேவை குறையும். ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பரில் தொடங்கிய வேலைநிறுத்தம் 37 நாள் நீண்டது. சங்கத்துடன் பேச மறுத்ததே அதன் வேர். உட்கார்ந்து பேசிய பிறகு 2025 மே மாதம் சம்பள ஒப்பந்தம் வந்தது.

சிறு தொழில் முதலாளியின் கவலையும் உண்மையானது. மாதாமாதம் ஆர்டரை நம்பி வார்ப்படம் வார்க்கிற ஒருவர், அடுத்த ஆண்டுக்கும் வேலை தருகிறேன் என்று எப்படி எழுதிக் கொடுப்பார்? நான் கேட்பது அதையல்ல. புதுப்பிக்கிறேன், இல்லை, இந்தத் தேதியில் முடிவு சொல்கிறேன் என்ற மூன்றில் ஒரு பதிலை, முடியும் நாளுக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும் என்பதைத்தான். அதற்குப் பணம் செலவாகாது. கூச்சமில்லாமல் கேள்வி கேட்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுக்கும் என்பதால்தான் அதற்கு எதிர்ப்பு வரும்.

நம் வட்டாரத்து விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தேதி இன்னும் கொடியது. பொங்கலை ஒட்டி ஊர்தோறும் நடக்கும் கபடிப் போட்டிகளில் ஆடுகிற இளைஞரிடம் புரோ கபடி ஏலத்தைப் பற்றிக் கேட்டால் கண் விரியும், அவர் அம்மாவிடம் கேட்டால், “ரயில்வேயில எடுப்பாங்களா?” என்பார். ரயில்வே, ஐசிஎஃப், வங்கி, காவல் துறை என்று விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலைதான் இங்கே உண்மையான நீண்ட கால ஒப்பந்தம். ஆனால் ரயில்வேயின் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு வயது வரம்பு 25. அதில் தளர்வு கிடையாது. இங்கே ஒரு கபடி வீரருக்குக் காலாவதித் தேதி இருபத்தைந்தாவது பிறந்தநாள்தான். அதற்குள் மாநில அளவுச் சான்றிதழும், விளம்பரமும், காலி இடமும், அடிபடாத முழங்காலும் ஒரே நேரத்தில் அமைய வேண்டும். அமையாதவர் மறுமாதம் சிப்காட் வாசலில் ஆதார் நகலோடு நிற்கிறார். அவருக்கு அங்கே கிடைப்பதும் தேதி அச்சிட்ட ஒரு கேட் பாஸ்தான்.

செய்யக்கூடியது என்ன? புரோ கபடி போன்ற தனியார் போட்டிகள் கால்பந்தின் ஆறு மாத விதியை அப்படியே எடுக்க முடியாது; பருவமே சில மாதம்தான். ஆனால் பருவம் முடிந்த முப்பது நாளுக்குள், தக்கவைக்கிறோமா இல்லையா என்பதை வீரருக்கு எழுத்தில் சொல்லும் விதியைக் கொண்டுவரலாம். காயத்தோடு இருப்பவருக்குச் சிகிச்சை முடியும்வரை பழைய ஊதியத்தில் ஒரு பகுதி உண்டு என்பதைச் சேர்க்கலாம். தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் மைதானங்களைப் பயன்படுத்தும் அணிகளுக்கு இதை நிபந்தனையாக வைக்க அரசால் முடியும். கூடவே, 22 வயதைத் தாண்டிய மாநில அளவு வீரர்களை ஆணையமே பட்டியலிட்டு, ஒதுக்கீட்டு வேலைகளுக்கு அவர்கள் விண்ணப்பிக்கும் காலம் கடந்துபோகாமல் பார்த்துக்கொள்ளலாம்.

தொழிற்சாலைகளில் இன்னும் எளிது. சிப்காட் நிலத்தை ஒதுக்குவது அரசு. ஒதுக்கீட்டு ஆணையில் நிபந்தனை எழுதுவதும் அரசு. தேர்வாய்கண்டிகையிலோ கும்மிடிப்பூண்டியிலோ இனி ஒதுக்கப்படும் ஒவ்வொரு மனைக்கும், அங்கே வேலை செய்யும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் குறித்த காலத் தொழிலாளிக்கும் காலம் முடிய 90 நாள் முன்பே எழுத்தில் பதில் தர வேண்டும், ஒப்பந்ததாரர் மாறினாலும் சேர்ந்த தேதி மாறக் கூடாது என்ற இரண்டு வரிகளைச் சேர்த்தால் போதும். இங்கே பல ஒப்பந்தங்கள் நிதியாண்டை ஒட்டி மார்ச் 31இல் முடிகின்றன. அவர்களுக்கான பதில் டிசம்பர் 31க்குள் கையில் இருக்க வேண்டும். வராவிட்டால் ஜனவரி முதல் வாரத்தில் தொழிலாளர் துறை அலுவலகத்தில் புகார் கொடுக்க வழி இருக்க வேண்டும்.